அச்சமும் வெகுளியும்: தமிழ்க் கொலைப்படங்கள் மூன்று

உள்ளத்தே நிகழும் உணர்ச்சி உடலின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என வழங்கினர் பண்டைத் தமிழர். தொல்காப்பியனார் அதனை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களைக் கூறினார். அவ்வெட்டனுள் அச்சமும் ஒன்று, வெகுளியும் ஒன்று. அச்சம் தோன்றுதற்குரியனவாக அவர் கூறியவை அணங்கு, விலங்கு, கள்வர், தமக்கு மேலாயுள்ள இறை என்னும் நான்காம். கொலை அந்நிரலில் இல்லை. அதனை அவர் வெகுளியின் நிலைக்களன்களுள் ஒன்றாக வைத்தார். உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அலைத்தல் என்பவற்றோடு ஒருங்கெண்ணப்படுவது அது. ஓருயிர் முறையின்றிக் கொல்லப்படக் கண்டவழிச் சான்றோர் உள்ளத்தில் எழவேண்டுவது நடுக்கமன்று, சினமே என்பது இவ்வைப்புமுறையாற் பெறப்படும் கருத்து எனலாம்.

கிழக்கிலங்கைக் கரையோர மக்களுக்கு இக்கருத்துப் புதிதன்று. மட்டக்களப்பு முதலாக அக்கரைப்பற்றுக்குத் தெற்கேயும் பரந்து கிடக்கும் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்குக் காலத்தே கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. கோவலன் கொலையுண்ட செய்தியைக் கேட்போர் அஞ்சுவதில்லை. கண்ணகியோடு சேர்ந்து சினக்கின்றனர். சிலப்பதிகாரத்திலும் கொலை சில அடிகளிலே முடிந்துவிடுகின்றது. அதன் பின்னர் எழுந்த வெகுளியே காவியத்தை நடத்திச் செல்கின்றது. வெட்டிய வாளை விரித்துரைத்தல் கவிஞன் நோக்கமன்று. வெட்டப்பட்டவன் பொருட்டு எழுந்த வினாவே அவன் நோக்கமாயிற்று.

இக்கரையோரத்துக் காரைதீவிலே 1892ஆம் ஆண்டில் தோன்றிய விபுலானந்த அடிகளார், 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியிலே ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களைத் தமிழ் நாடகவியலின் துணைகொண்டு ஆராய்ந்தார். பிறநாட்டுக் கலையைத் தமிழ் அளவுகோலால் அளந்து காண்டல் தகும் என்பதற்கு அந்நூல் சான்றாகும். அவ்வழியைப் பின்பற்றி, மேனாட்டிலே தோன்றித் தமிழிலும் புகுந்த கொலைப்படம் என்னும் திரைக்கலை வகையை ஈண்டு நோக்குதல் பயனுடைத்து. நாடகத்தின் இடத்தைத் திரைப்படம் பற்றிக்கொண்ட காலத்தில், பொதுமக்கள் உணர்ச்சியைப் பயிற்றும் கல்விச்சாலையாக அமைந்ததும் அதுவே ஆகலின், அதனைப் புறக்கணித்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

இவ்வகையின் பிறப்பிடம் இத்தாலி. மிலான் நகரத்து மொண்டடோரி பதிப்பகத்தார் 1929ஆம் ஆண்டு முதலாகத் துப்பறியும் கதைகளை மஞ்சள் அட்டையிட்டு வெளியிட்டனர். எட்கார் வாலஸ், அகதா கிறிஸ்டி முதலானோர் கதைகள் அவ்வரிசையில் இடம்பெற்றன. அட்டையின் நிறமே காலப்போக்கில் அக்கதைகளுக்குப் பெயராயிற்று. இத்தாலியில் மஞ்சளைக் குறிக்கும் 'ஜல்லோ' என்னும் சொல் மருமக் கதையையும், பின்னர் அதன்வழித் தோன்றிய திரைப்பட வகையையும் குறிக்கலாயிற்று. தமிழில் மஞ்சட் பத்திரிகை என்னும் வழக்கு வேறுபொருள் தருவது. இரண்டினையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

மாரியோ பாவா என்னும் நெறியாளர் 1963இலும் 1964இலும் ஆக்கிய இரு படங்கள் இவ்வகைக்குக் கால்கோளாயின. அவற்றுட் பிந்தியது, கொலைஞனுக்கு ஆறு பெண்டிர் எனப் பொருள்படும் இத்தாலியப் பெயர் கொண்டது. முகமின்றி, கறுப்புக் கையுறையும் மழையங்கியும் அணிந்த கொலையாளியை அது திரைக்குத் தந்தது. 1970இல் டாரியோ ஆர்ஜெந்தோ ஆக்கிய 'பளிங்குச் சிறகுப் பறவை' இதனை உலகறியச் செய்தது. இவ்வகையின் இலக்கணத்தைச் சுருங்கக் கூறின், கொலையாளி யாரென்பது இறுதிவரை மறைக்கப்படும். கொலையைக் கண்டவன் ஒருவன், கண்டதன் பொருளை அறியாது தடுமாறுவான். கொலையாளியின் வெறிக்குப் பழைய புண்ணொன்று காரணமாகக் காட்டப்படும். கொலைக் காட்சியோ நிறத்தாலும் ஒளியாலும் இசையாலும் அழகுபடுத்தப்படும். இந்த இறுதிக் கூறே ஆராய்ச்சிக்கு உரியது. கொலை ஒரு செய்தியாக நில்லாது, கண்டு சுவைக்கும் பொருளாக மாறியது இங்கேயாம்.

அமெரிக்கர் இதனைக் கைக்கொண்டவிடத்து மருமத்தைக் குறைத்து வெட்டினை மிகுத்தனர். ஹிச்கொக்கின் 'சைக்கோ' 1960இலேயே வழிவகுத்திருந்தது. 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வெளிவந்த ஜோன் கார்ப்பென்டரின் 'ஹலோவீன்', ஏறக்குறைய 3 இலட்சம் டொலர்ச் செலவில் ஆக்கப்பட்டுப் பன்மடங்கு பொருளீட்டியது. அதன் தொடக்கக் காட்சியில் முகமூடியின் துளைகளூடாகக் கமெரா நோக்குகின்றது. கொல்பவன் கண்ணே காண்பவன் கண்ணாகின்றது. 1980இல் வெளிவந்த 'பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை'யும் அதன் தொடர்ச்சிகளும் இதனை ஒரு தொழிலாக்கின. 1981இல் வந்த அதன் இரண்டாம் பாகத்துக் கொலைகளுட் சில, பாவாவின் 1971ஆம் ஆண்டுப் படமொன்றின் கொலைகளை ஒத்திருத்தலைப் பலரும் சுட்டியுள்ளனர். 'ஸ்லாஷர்' என்று வழங்கும் இவ்வெட்டுக்கொலைப் படங்களிற் பெற்றோர் கண்காணிப்பினின்றும் நீங்கிக் களியாட்டயரும் இளையோர் ஒருவர்பின் ஒருவராக மாள்வர். ஒழுக்கத்தாலும் விழிப்பாலும் வேறுபட்ட ஒருத்தி மாத்திரம் எஞ்சுவாள். கரோல் குளோவர் என்னும் அறிஞர் 1987ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் அவளுக்கு 'இறுதிப் பெண்' எனப் பெயரிட்டார்.

தமிழ்த் திரையிற் கொலை மருமம் இதற்கு முன்னரே பயின்றிருந்தது. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954இற் பாடலின்றி வெளிவந்து, கொலை செய்தவர் யார் என்னும் வினாவை நாட்டுப்பற்று, துரோகம் என்னும் அறவினாவாக உயர்த்தியது. 1967இல் வந்த 'அதே கண்கள்' முகமூடிக் கொலையாளியை மாளிகைக்குள்ளே உலவவிட்டது. ஆயினும், மேனாட்டு ஜல்லோவும் ஸ்லாஷரும் கொண்ட உளநோய்க் கொலையாளி தமிழில் நிலைபெற்றது பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்', பாலு மகேந்திராவின் 'மூடுபனி', மணிவண்ணனின் 'நூறாவது நாள்' என்னும் மூன்று படங்களிலேயாம். இவை முறையே 1978, 1980, 1984ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. மூன்றுக்கும் இசையமைத்தவர் இளையராஜா.

'சிகப்பு ரோஜாக்கள்' வெளிவந்ததும் 1978 ஒக்டோபரிலேயே. ஆகவே அது 'ஹலோவீன்' படத்தைக் கண்டு ஆக்கப்பட்டதன்று. இரு நாடுகளில் ஒரே பருவத்தே முளைத்த இரு பயிர்கள் அவை. கிராம மண்ணைப் படம்பிடித்துப் புகழீட்டிய நெறியாளர் நகரத்து மாளிகைக்குள் நுழைந்தமை அக்காலத்தே வியப்பாயிற்று. கமல்ஹாசன் ஏற்ற திலீப் என்னும் பாத்திரம் செல்வன், அழகன், நாகரிகன். அவன் பெண்களைக் கவர்ந்து கொன்று தன் தோட்டத்திற் புதைக்கின்றான். அம்மண்ணிலே ரோஜாக்கள் மலர்கின்றன. ஶ்ரீதேவி ஏற்ற சாரதா அவனை மணந்து அம்மாளிகைக்கு வருகின்றாள். அறையொன்றின் சுவர்களிலே எழுதப்பட்ட அவன் வரலாற்றைப் படித்து உண்மை உணர்கின்றாள்.

இப்படத்தின் மிகக் கூரிய பகுதி கொலைக்காட்சி அன்று. திலீப்பை வளர்த்த தந்தையும் பெண்வெறுப்பினனே. நடமாடும் ஆற்றல் குன்றிய அவனுக்காகத் திலீப் தன் கொலைகளைப் படம்பிடித்துக் காட்டுகின்றான். அவன் அவற்றைக் கண்டு களிக்கின்றான். இருட்டறையில் நாற்காலியில் அமர்ந்து, பெண்ணொருத்தி கொல்லப்படுதலைத் திரையிற் பார்த்து மகிழும் அக்கிழவன் யார்? அரங்கில் அமர்ந்து அதே காட்சியைக் காண்போனின் நிழல் அல்லனோ? மைக்கேல் பவல் 1960இல் ஆக்கிய ஆங்கிலப் படமொன்றிலும் கொலையைப் படம்பிடிப்போன் உளன். ஆனால், கொலையைக் காண்போனையே குற்றவாளியின் உடன்பங்காளியாக வைத்த இவ்வமைப்பு, பாரதிராஜா அறிந்து செய்தாராயினும் அறியாது செய்தாராயினும், இவ்வகைப் படங்களுக்கு அவற்றுள்ளிருந்தே எழுந்த கண்டனமாகும். இதனை வளர்த்திருப்பின் இப்படம் பெருங்கலையாகியிருக்கும். அவ்வாறு வளர்க்காது, பெண்களாலே கெடுக்கப்பட்ட சிறுவன் என்னும் கதையைக் கூறிக் கொலையாளிக்கு இரக்கம் தேடிய இடத்திலே படம் தன் வலிமையை இழந்தது. முடிவில் அவன் சித்தங்கலங்கிச் சிறையிலே சாரதாவின் பெயரை மொழிந்து கிடக்கின்றான். தோட்டத்திற் புதையுண்ட பெண்களின் பெயரை மொழிவார் ஒருவருமிலர்.

'மூடுபனி' கிழக்கிலங்கையருக்கு மற்றுமோர் உரிமையுடையது. அதன் கதையமைப்பும் ஒளிப்பதிவும் நெறியாள்கையும் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திராவினுடையன. பள்ளி மாணவராயிருந்தபோது, இலங்கையில் நிகழ்ந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' படப்பிடிப்பைக் கண்டு திரைக்கலையில் வேட்கை கொண்டதாகக் கூறிய அவர், பின்னர்ப் பூனா திரைப்படக் கல்லூரியிற் பயின்றார், 2014இல் மறைந்தார். ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' என்னும் நாவலைத் தழுவி ஆக்கப்பட்ட இப்படம் அவருடைய மூன்றாவது படம். இளையராஜாவுக்கு நூறாவது படம்.

பிரதாப் போத்தன் ஏற்ற சந்துரு, தன் தாய் தந்தையாற் பட்ட துன்பத்தைக் கண்டு வளர்ந்தவன். அத்துன்பத்துக்குக் காரணம் விலைமகளிரே எனக் கருதி அவர்களைக் கொல்கின்றான். ஷோபா ஏற்ற ரேகாவை விரும்பிக் கடத்தி, உதகமண்டலத்துத் தனிவீட்டில் அடைத்துவைக்கின்றான். கொலையாளியை மறைத்துவைத்து விளையாடும் இத்தாலிய முறையைப் பாலு மகேந்திரா விட்டொழித்தார். அவன் யாரென்பது காண்போர்க்குத் தெரியும். ஆகவே எழும் வினா 'யார் கொன்றான்' என்பதன்று. 'இம்மனிதனோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வாறு' என்பதே. இயற்கை ஒளியும் பனியும் நீண்ட மௌனமும் கொண்டு அவர் அச்சத்தைப் புறத்தேயிருந்து உள்ளத்துக்கு மாற்றினார். வெட்டும் குருதியும் குறைந்த இப்படமே மூன்றனுள்ளும் நெடுநேரம் உள்ளத்தே தங்குவது. படம் வெளிவருமுன்னரே, 1980 மே மாதத்தில், ஷோபா இளவயதிற் காலமானார் என்னும் செய்தி அதன்மேல் வேறொரு துயரையும் படரவிட்டது.

எனினும், 'மூடுபனி'யிலும் ஒரு குறை உளது. தாயைத் துன்புறுத்தியவன் தந்தை. மகனின் சினமோ தந்தைமேற் செல்லாது விலைமகளிர்மேற் செல்கின்றது. இம்முறைமாற்றத்தைப் படம் நோயாகக் காட்டுகின்றதேயன்றி அநீதியாகக் காட்டவில்லை. கொல்லப்பட்ட மகளிர்க்குத் தாயில்லை, மக்களில்லை, வாழ்வில்லை. அவர்கள் கொலையுண்டற்பொருட்டே படைக்கப்பட்டவர்கள் போன்று வந்து மறைகின்றனர்.

பாரதிராஜாவிடம் பயின்ற மணிவண்ணனின் 'நூறாவது நாள்' இத்தாலியோடு நேரான உறவுடையது. லூச்சியோ ஃபுல்ச்சி 1977இல் ஆக்கிய 'கருமையில் ஏழு சுரங்கள்' என்னும் படத்தை அது மூலமாகக் கொண்டது என்பதைக் கதைப்போக்கே காட்டிவிடும். இத்தாலியப் படத்தில், வருவதனை முன்னுணரும் ஆற்றலுடைய பெண்ணொருத்தி கொலையொன்றை மனக்கண்ணாற் காண்கின்றாள். தன் கணவனுக்குரிய வீட்டுச் சுவரை இடித்து எலும்புக்கூட்டைக் கண்டெடுக்கின்றாள். தான் கண்டது கடந்தகால நிகழ்ச்சி எனக் கருதியிருந்தவள், அது இனி நிகழவிருப்பது என்பதையும், கொலையுண்ணப்போகின்றவள் தானே என்பதையும் பிந்தியே உணர்கின்றாள். தமிழில் நளினி ஏற்ற தேவியும் கனவிற் கொலையைக் காண்பவள். சுவருக்குள் மறைந்த பிணம் இங்கும் உண்டு. இனிய தோற்றமுடைய மோகன் ஏற்ற கணவன் ஐயத்துக்கு உரியவனாகின்றான். மொட்டைத் தலையும் வட்டக் கறுப்புக் கண்ணாடியும் சிவப்பு மேலங்கியும் கொண்ட சத்யராஜின் தோற்றம் அக்காலச் சிறாரைக் கனவிலும் நடுங்கச் செய்தது. பாடலும் நகையும் இடையிட்டாலும் கதையின் முறுக்குத் தளரவில்லை. 1991இல் இது இந்தியிலும் மறுவாக்கம் பெற்றது. தொழிற்றிறத்தில் மூன்றனுள் இதுவே செம்மையானது. உள்ளீட்டில் இதுவே மெலிந்தது. மருமம் அவிழ்ந்தவுடன் படமும் முடிந்துவிடுகின்றது. எடுத்துச் செல்வதற்கு வினாவொன்றும் எஞ்சுவதில்லை.

இனி இம்மூன்றனையும் மேனாட்டுப் படங்களோடு ஒப்பிடின் ஓர் உண்மை புலனாகும். இத்தாலியப் படங்கள் பலவற்றில் அச்சம் உறையுமிடம் அந்நிய நகரம். அமெரிக்கப் படங்களில் அது பெற்றோரில்லாத வீடு அல்லது காட்டுப் பாசறை. தமிழ்ப் படங்களிலோ அச்சம் உறையுமிடம் ஆடவனின் வீடு. 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் அது கணவன் மாளிகை. 'மூடுபனி'யிற் கணவனாக விழைவோன் அடைத்துவைத்த வீடு. 'நூறாவது நாள்' படத்தில் கணவன் வீட்டுச் சுவர். ஃபுல்ச்சியின் கதை தமிழுக்கு எளிதிற் பொருந்தியதற்கும் காரணம் இதுவே போலும். பிறந்த வீட்டை நீங்கி முன்பின் அறியாதவன் வீட்டிற் புகும் பெண்ணின் மனத்தே பேசப்படாது கிடந்த நடுக்கத்துக்கு இப்படங்கள் உருக்கொடுத்தன. தொல்காப்பியனார் கூறிய அச்சத்தின் நான்கு நிலைக்களன்களும் இங்கு ஒருவனிடத்தே ஒருங்குகூடுகின்றன. உருவத்தால் அவன் அணங்கு, செயலால் விலங்கு, வஞ்சத்தாற் கள்வன், உறவாலோ அவளுக்கு இறை.

அம்பாறைக் கரையோரத்தில் இக்காட்சி வேறுவகைப் பொருள் பெறும் என்பதும் கருதத்தக்கது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்களிலும், காரைதீவு, பாண்டிருப்பு முதலிய தமிழ் ஊர்களிலும் குடிமுறை தாய்வழி வருவது. வீடு பெண்ணுக்கு உரியது. மணமகனே பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியதை அடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ நாடாவும் ஊர்களிற் பரவியபோது, இப்படங்களைக் கண்ட இப்பகுதிப் பெண்களுக்குக் கணவன் வீட்டுப் பூட்டிய அறை பிறர் நாட்டுக் கதையாகவே தோன்றியிருத்தல் கூடும். தன் வீட்டுச் சுவரைத் தானே அறிந்தவளுக்குச் சுவருக்குள் பிணம் இராது. வீட்டுரிமை பெண்ணுக்கு அளிக்கும் காவல் எத்துணைப் பெரிது என்பதை இப்படங்கள் தம்மையறியாமலே உணர்த்துகின்றன.

இத்தகைய படங்களை முற்றாக விலக்குதல் வேண்டும் என்பார் உளர். 'நூறாவது நாள்' வெளிவந்த ஆண்டிலேயே சென்னையை நடுங்கவைத்த கொலைக் குற்றமொன்றோடு அப்படத்தின் பெயரைப் பத்திரிகைகள் இணைத்துப் பேசின. மேனாட்டிலும் அதே 1984ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வீடியோ நாடாக்களைக் கட்டுப்படுத்தச் சட்டமியற்றினர். ஆயின், படத்தைக் கண்டவர் அனைவரும் கொலைஞர் ஆயினாரல்லர்; கொலை செய்தோர் அனைவரும் படம் கண்டவரும் அல்லர். ஆகவே 'பார்த்தவன் செய்வான்' என்னும் வாதம் நிற்பதன்று. அச்சச் சுவையும் கலைக்குரிய சுவையே என்பார் கூற்றும் மறுக்கத்தக்கதன்று.

குற்றம் வேறிடத்தில் உளது. இப்படங்கள் காண்போனுக்குக் கொலை செய்யக் கற்பிக்கவில்லை. கொலையைக் கண்டு சினவாதிருக்கக் கற்பிக்கின்றன. கொல்வோன் கண்ணாற் காணப் பயின்றவன், கொல்லப்படுவோள் பெயரைக் கேட்க மறக்கின்றான். கொல்வோனின் இளமைப் புண் விரித்துரைக்கப்படுகின்றது; கொல்லப்படுவோளின் ஒழுக்கம் ஐயுறப்படுகின்றது. 'அவள் அத்தகையவள்' என்னும் ஒரு சொல்லிலே வெகுளி அவிந்துவிடுகின்றது. அமெரிக்கக் கன்னியொருத்தி எஞ்சுவதும், தமிழ் மனைவியொருத்தி எஞ்சுவதும் இந்த ஒரே கணக்கின் இரு விடைகளாம். நல்லவள் பிழைப்பாள் எனின், பிழையாதவள் நல்லவள் அல்லள் என்பதும் உடன் போதருமன்றோ? இறந்தோரைப் பழிக்கும் இவ்வளவை படத்தோடு நிற்பதன்று. ஊர்வாயிலும் நீதிமன்றத்திலும் அது கேட்கப்படுவது.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிலே இக்கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் திரையிலன்றி வாசலிலே கொலையைக் கண்டனர். கொன்றவன் யார் என வாய்விட்டுக் கேட்க அஞ்சிய இரவுகள் பலவாயின. இறந்தவன் எத்தகையவன் என ஆராய்ந்து, அதனால் ஆறுதல் பெற முயன்ற உள்ளங்களும் இருந்தன. கொலை அச்சத்துக்கு மாத்திரம் உரியதாகி வெகுளிக்கு இடமற்றுப் போன சமுதாயம் எத்தகையது என்பதை இம்மண்ணோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகலின், இம்மூன்று படங்களையும் அளக்குமிடத்து, எது மிகுதியாக அஞ்சுவித்தது என்பது வினாவாகாது. கொல்லப்பட்டோர்பொருட்டு எது சினமூட்டியது என்பதே வினா. அவ்வளவையில் 'நூறாவது நாள்' திறமான விளையாட்டாய் நின்றுவிடுகின்றது. 'மூடுபனி' கொலையாளியின் தனிமையை உணர்த்தும் அளவிற் சிறந்த கலையாகி, கொல்லப்பட்டோர் தனிமையைத் தொடாது விடுகின்றது. 'சிகப்பு ரோஜாக்கள்' படமோ பிற எல்லாவற்றாலும் குறையுடையதாயினும், இருட்டறையிற் கொலையைக் கண்டு களிக்கும் கிழவனைக் காட்டிய அந்த ஒரு காட்சியாற் காண்போனையே நாணவைக்கின்றது. அந்நாணமே வெகுளியின் முதற்படி.

இப்படங்களை மாணவர் காணாதவாறு தடுத்தல் ஆசிரியர்க்கு இயலாது. தடுத்தலாற் பயனும் இல்லை. கண்டு வந்த மாணவனிடம் 'அஞ்சினாயா?' என வினவாது, 'இறந்தவள் பெயர் யாது?' என வினவுதல் இயலும். அவ்வினாவுக்கு விடை தெரியாது அவன் தயங்குவானாயின், அத்தயக்கத்திலேதான் மெய்யான திறனாய்வு தொடங்குகின்றது.